சுவருக்கு அந்தப் பக்கத்து அனல்

ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் முகத்துக்கு நேரே கையை நீட்டியபோது திரிபுரசுந்தரியின் உள்ளங்கையில் பட்டது மின்விசிறிக் காற்று மாதிரி வெறும் காற்று. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் நீட்டிப் பார்த்தாள். அதே காற்றுதான்.

கட்டிலில் படுத்திருந்த மகனைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வயது. பெயர் சிவராமகிருஷ்ணன். அவ்வளவு சின்ன உடம்புக்கு அத்தனை நீளப் பெயர் பொருந்தாமல் வீட்டில் சிவு என்று ஆகியிருந்தது. காலையில் எழுந்ததும் மரக்குதிரையோடு பேசிக்கொண்டிருந்தவன் இப்போது பேசாமல் கிடந்தான். கன்னங்கள் இரண்டும் சிவந்திருந்தன. நெற்றியில் கை வைத்தாள். சுட்டது. ஒரு துளி ஈரம் இல்லை.

சிவுவுக்கு வேர்க்காது. பிறவியிலேயே அவன் தோலில் வேர்வை சுரக்க வழியில்லை என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். தலைமுடி பூனை மயிர் போலப் பொன்னிறமாக அங்கங்கே மட்டும் இருந்தது. பற்கள் வரவேண்டிய வயதில் முளைத்தது இரண்டே இரண்டு, அதுவும் கூராக. அதையெல்லாம் பார்த்து அக்கம்பக்கத்தார் பரிதாபப்பட்டார்கள். சுந்தரிக்கு முடியைப் பற்றியோ பல்லைப் பற்றியோ கவலையே இல்லை. உடம்பின் சூடு வெளியேறப் பாதை இல்லை என்று டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம்தான் மூன்று வருஷமாக அவளோடு எழுந்து, அவளோடு படுத்துக்கொண்டிருந்தது. வெளியே சூடு ஏறினால் உள்ளேயும் ஏறும். ஏறிக்கொண்டே போகும்.

சென்ற கோடையில் ஒரு நாள் அப்படி ஏறியது. அவளும் கணவன் கல்யாணராமனும் பயந்துபோய் உச்சி வெயிலில் அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கொச்சியில் தோப்பும்படிப் பாலத்தில் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டோவின் தகரக் கூரைக்கு அடியில், அவள் மடியிலேயே, சிவுவுக்கு வலிப்பு வந்தது. பிழைத்தது பெரிது. "இனிமேல் வெயிலில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் குளிர வையுங்கள், பிறகு கொண்டுவாருங்கள்" என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு ஏ.சி. வந்தது. வில்லிங்டன் ஐலண்டில் கல்யாணராமன் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியில் மானேஜர் அறைக்குப் புது இயந்திரம் வாங்கினார்கள். பழையதை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். மட்டாஞ்சேரியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் படுக்கையறைக்குப் பின்சுவரில் மட்டும்தான் வெயில் அடிக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாண்டிகசாலையின் முற்றம். சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் கிடங்கு அது. கிடங்கு மானேஜரிடம் அனுமதி வாங்கிச் சுவரை இடித்து இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அதன் முகம் இந்தப் பக்கம், முதுகு அந்தப் பக்கம். அந்த முதுகைச் சுந்தரி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் தெருவுக்கு வந்து, சந்து திரும்பி, கிடங்கின் பெரிய கதவு வழியாக உள்ளே போகவேண்டும்.

அது எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. முந்தைய வருஷம் மழை பொய்த்திருந்தது. அணைகளில் தண்ணீர் இல்லை, அதனால் மின்சாரம் இல்லை. இருந்த நேரத்திலும் விளக்கு அழுது வடிந்தது. குழாயில் தண்ணீர் விடிகாலையில் கொஞ்ச நேரம் வந்து, சீறி, நின்றுவிடும்.

நாலு நாளாகவே ஏ.சி. சரியில்லை. செவ்வாய்க்கிழமை கல்யாணராமன் தோப்பும்படியிலிருந்து நாணு என்ற மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். நாணு முன்பக்கத்துத் தட்டியைக் கழற்றி, உள்ளே விரலை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினான்.

"கேஸ் கொறவாணு சேச்சி. சிலிண்டர் இப்போ என்டெ கையில் இல்லா. வெள்ளியாழ்ச்ச கொண்டு வராம்."

வெள்ளிக்கிழமை நாணு வந்து கேஸ் நிரப்பிவிடுவான் என்ற நம்பிக்கையில் கல்யாணராமன் ஆபீஸ் வேலையாகக் குன்னூருக்குப் போனான். நாளைதான் திரும்புவான். இன்று வெள்ளிக்கிழமை. நாணுவைக் காணோம்.

சுந்தரி தெர்மாமீட்டரை உதறிச் சிவுவின் அக்குளில் வைத்தாள். நூற்றொன்றைத் தாண்டியிருந்தது.

"அம்மா, தாகம்."

தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். துண்டை நனைத்து அவன் உடம்பு முழுக்கப் போர்த்தினாள். அவனுக்கு வேர்வை அதுதான். ஆனால் அறைக்காற்று சூடாக இருந்ததால் துண்டும் சீக்கிரமே வெதுவெதுப்பானது. பக்கத்தில் இருந்த வாளியை எட்டிப் பார்த்தாள். பாதிதான் இருந்தது.

'பயப்படாதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'ஒவ்வொண்ணாப் பாரு.'

முதலில் ஃபில்டர். தட்டியைக் கழற்றி அந்தப் பஞ்சுப் படலத்தை உருவிப் பார்த்தாள். காலையில்தான் கழுவியிருந்தாள், சுத்தமாகவே இருந்தது. குளிரைக் கூட்டுகிற திருகைப் பார்த்தாள். கடைசி எண்ணில் நின்றது. கதவிடுக்கில் காற்று போகிறதோ என்று ஒரு பழைய புடவையைச் சுருட்டி அடியில் திணித்தாள். முன்பக்கத்து ஜன்னலில் திரைமேல் ஒரு போர்வையை ஆணியில் மாட்டினாள். அறை இருண்டது. ஆனால் குளிரவில்லை.

வோல்டேஜாக இருக்கலாம். ஸ்டெபிலைசரின் முள்ளைக் குனிந்து பார்த்தாள். கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஓடிப்போய்ச் சமையலறையில், மின்சாரம் போய்ப் போய் ஐஸ் உறையாமலே கிடந்த பிரிஜ்ஜை நிறுத்தினாள், கூடத்து விசிறியை நிறுத்தினாள், ஒரு விளக்கு விடாமல் அணைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது முள் மேலே ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றாள். கம்ப்ரசர் 'உர்ர்' என்று பிடித்துக்கொண்டது. தட்டிக்கு நேரே முகத்தை வைத்தாள். மெல்லக் காற்றில் ஒரு குளுமை வந்தது. "வந்துடுத்து சிவு, வந்துடுத்துடா கண்ணா" என்றாள்.

'டக்'.

உறுமல் நின்றது. விசிறி மட்டும் சுற்றியது. குளுமை போய் மறுபடியும் வெறும் காற்று.

அவள் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பின் கம்ப்ரசர் தானாகவே மீண்டும் பிடித்தது. இந்த முறை இன்னும் சீக்கிரம் 'டக்'கென்று நின்றது. ஓட முடியாதவன் நான்கு அடி வைத்து மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவது போல இருந்தது. வோல்டேஜ் இல்லை. முள் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் வேறு என்ன?

இயந்திரத்தைச் சுற்றியிருந்த சுவர்ப் பூச்சில் எதேச்சையாக அவள் கை பட்டது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். சுவர் அடுப்பங்கல் மாதிரிக் கொதித்தது.

சிவு முனகினான். ஓடிவந்து தெர்மாமீட்டரை வைத்தாள். இருட்டில் எண் தெரியவில்லை. போர்வையைக் கொஞ்சம் விலக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நூற்று மூன்றே கால். தெர்மாமீட்டர் அவள் விரலிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது.

ஆட்டோவின் தகரக் கூரை நினைவுக்கு வந்தது. அன்று அவன் கண்கள் மேலே செருகியதும் கூடவே வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வாளியில் இருந்த தண்ணீரைக் கையால் அள்ளி அவன் மார்பிலும் கழுத்திலும் தேய்த்தாள். எங்கே ஓடுவது? மாடியில் வீட்டுக்காரர்கள் குருவாயூருக்குப் போயிருந்தார்கள். எதிரே கடைகள் மதியத்துக்கு மூடிக் கிடந்தன. தெருவில் வெயில் வெள்ளையாக நின்றது. வெளியே தூக்கிக்கொண்டு போனால் வெயிலே அவனைக் கொன்றுவிடும். உள்ளே வைத்திருந்தால் இந்த அறை கொன்றுவிடும்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது.

கேட்டது என்பதைவிட, இத்தனை நாளாக அது கேட்காமல் இருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள் என்று சொல்லவேண்டும். கிடங்கு முற்றத்தில் சுக்குப் பொறுக்குகிற பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்துதான் வேலை செய்வார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். விசிறி மட்டும் ஓடும்போது அவர்கள் பேச்சு இயந்திரத்தின் இடுக்கு வழியாக அறைக்குள் தெளிவாக விழும். முகம் தெரியாவிட்டாலும் யார் மகளுக்கு எப்போது பிரசவம், யார் புருஷன் குடித்துவிட்டு வந்தான் எல்லாம் சுந்தரிக்குத் தெரியும். மூக்கம்மாள் என்ற ஒருத்திக்குத்தான் குரல் பெரிது. அவள்தான் எல்லோரையும் அதட்டுவாள். நாலைந்து நாளாக அந்தப் பேச்சு கேட்கவில்லை. வேலை இல்லை போலிருக்கிறது என்று சுந்தரி நினைத்திருந்தாள்.

இப்போது மூக்கம்மாளின் குரல் கேட்டது. ஆனால் தூரத்திலிருந்து இல்லை. பக்கத்திலிருந்து, கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அமுங்கி வந்தது.

சுந்தரி தட்டியை மறுபடியும் கழற்றி, இயந்திரத்தின் ஓரத்து இடுக்கில் கண்ணை வைத்தாள். அங்கே எப்போதும் ஒரு கோடு வெளிச்சம் இருக்கும். நாணு அன்றைக்குத் தட்டியைக் கழற்றிக் காட்டியபோதுகூட இருந்ததோ இல்லையோ, அவளுக்கு நினைவில்லை. இப்போது அங்கே கும்மிருட்டு.

பின்னால் எதையோ வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற சூட்டை வாங்கி வெளியே துப்ப வேண்டிய இயந்திரம் துப்ப இடமில்லாமல் மூச்சு முட்டி நின்றுகொண்டிருக்கிறது. தன் பிள்ளையின் உடம்பு மாதிரியே.

"மூக்கம்மா!" என்று இடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள். "மூக்கம்மா! யாராவது இருக்கேளா?"

விசிறிச் சத்தம்தான் பதிலுக்கு வந்தது.

தான்தான் போகவேண்டும். சிவுவைப் பார்த்தாள். அரைக்கண் மூடியிருந்தான், மூச்சு நாய்க்குட்டிக்கு வாங்குவது போல வேகமாக வந்துகொண்டிருந்தது. இவனைத் தனியாக விட்டுவிட்டா? நடுவில் வலிப்பு வந்தால்? கட்டிலிலிருந்து விழுந்தால்? அவனைத் தூக்கித் தரையில் விரித்த ஈரப் பாயில் படுக்கவைத்தாள். தண்ணீர் வாளியை எட்டாத தூரத்துக்குத் தள்ளினாள். ஈரத் துண்டைப் போர்த்தினாள்.

"அம்மா இதோ வந்துடறேன். எழுந்திருக்கப்படாது. என்ன?"

அவன் இமை மட்டும் அசைந்தது. அவள் எழுந்தாள். இரண்டடி நடந்து திரும்பி வந்து அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

செருப்புப் போட நினைவில்லை. தார் ரோடு காலைச் சுட்டது. சந்து திரும்பிக் கிடங்குக் கதவை அடைந்தபோது அது உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. இரண்டு கையாலும் தட்டினாள். ஒரு காவல்காரன் சோற்றுக் கையோடு கதவைக் கொஞ்சம் திறந்து, உள்ளே விடாமல் மறித்து நின்றான்.

"எந்தா? ஊணு சமயமாணு. அகத்து கேறான் பாடில்லா."

கொச்சியிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த நேரத்தில் ஒரு வார்த்தைகூட நாக்கில் வரவில்லை. "வழி விடுங்கோ" என்று தமிழில் கத்திக்கொண்டே கதவைத் தோளால் தள்ளி உள்ளே நுழைந்தாள்.

முற்றத்தில் சுவரோரத்து நிழலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து தூக்குச்சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் சுக்குக் குவியல். அவர்கள் தலைக்கு மேலே, சுவரில், இயந்திரம் இருக்கவேண்டிய இடத்தில் கோணிச் சாக்குகள் இரட்டையாக மடித்துத் தொங்கின. அதன்மேல் ஒரு தார்ப்பாய், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"யார் கட்டினா இதை? அவுத்து விடுங்கோ! இப்பவே அவுத்து விடுங்கோ!" சுந்தரி சாக்கைப் பிடித்து இழுத்தாள். கயிறு அசையவில்லை.

ஒரு பெண் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சுக்குத் தூசியில் தலை, புருவமெல்லாம் வெளுத்திருந்தது.

"இருங்கம்மா. நீங்கதான் அந்த வீட்டுக்காரங்களா? நல்லா வந்தீக. உங்க பெட்டி ஊதுற தீக்காத்துல எங்க முதுகு வெந்து போகுது, தெரியுமா? போன வாரம் இந்தா, இந்த அங்கம்மா மயங்கி விழுந்துட்டா. மானேஜர்கிட்ட ரெண்டு வட்டம் சொல்லியாச்சு, ஒருத்தரும் கேக்கல. நிழல் இருக்கிறது இங்கன மட்டுந்தான். வேற எங்க போய் உக்காரச் சொல்றீக? நீங்க குளுகுளுன்னு படுத்துக் கெடக்கணும், நாங்க வேகணுமோ?"

முகம் தெரியாவிட்டாலும் அந்தக் குரலைச் சுந்தரிக்குத் தெரியும்.

"மூக்கம்மாதானே நீங்க?"

அந்தப் பெண்ணின் பிடி தளர்ந்தது. "எம் பேரு உங்களுக்கு எப்படி...?"

"மூக்கம்மா, எனக்காக இல்லை அது. என் கொழந்தைக்கு வேர்க்காது. பொறந்ததுலேர்ந்தே வேர்க்காது. சூடு வெளியே போகாம உள்ளேயே ஏறிண்டே போறது. இப்ப நூத்தி மூணு. அந்த மிஷின் ஓடலேன்னா வலிப்பு வந்துடும். தனியா விட்டுட்டு வந்திருக்கேன். செத்துப்போயிடுவான் மூக்கம்மா..." அவள் மறுபடியும் கயிற்றைப் பற்றி இழுத்தாள்.

மூக்கம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு செருப்பில்லாத காலைப் பார்த்தாள்.

"ஏ அங்கம்மா, அரிவாளக் கொண்டா!"

கயிறு இரண்டு வெட்டில் அறுந்தது. தார்ப்பாயும் சாக்கும் சரிந்து விழுந்தன. அடைபட்டுக் கிடந்த அனல் குப்பென்று முகத்தில் அடித்தது. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விலகினார்கள். இயந்திரத்தின் முதுகு முழுவதும் சுக்குத் தூசி மாவு அப்பியதுபோலப் படிந்திருந்தது. மூக்கம்மாள் பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து அதைப் பரபரவென்று தட்டிவிட்டாள்.

சுந்தரி அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தாள். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

வீட்டுக்குள் நுழைந்து படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். திணித்து வைத்த புடவை தடுத்தது. முட்டித் திறந்தாள்.

பாயில் சிவு இல்லை.

அவளுக்குக் கண் இருட்டியது. "சிவு!" என்று அவள் போட்ட சத்தம் அவளுக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தட்டல் ஒலி வந்தது. டக் டக் டக் என்று ஒரே சீராக. குனிந்து பார்த்தாள். சில்லென்ற தரையைத் தேடி உருண்டு போயிருக்கிறான். அவன் குதிகால் கட்டில் காலில் மோதிக்கொண்டிருந்தது. கை விறைத்திருந்தது. கண் மேலே போயிருந்தது.

இழுத்து வெளியே எடுத்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். வாயோரம் நுரை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டது போல உடம்பு சுட்டது.

மூக்கம்மாள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கால் முழுக்கத் தூசி, பிராமண வீடு. தயங்கினாள்.

"உள்ள வாங்கோ! தண்ணி, தண்ணி ஊத்துங்கோ!" சுந்தரி அலறினாள்.

மூக்கம்மாள் பாய்ந்து உள்ளே வந்தாள். வாளியைத் தூக்கி அதிலிருந்ததைச் சிவுவின் மேல் மெல்லச் சரித்தாள். வாளி காலியானது. "ஐயோ, இவ்வளவுதானா?" என்று கேட்டவள் இயந்திரத்துக்கு நேரே போய், சுவரே அதிரும்படி, "அங்கம்மா! கெணத்துத் தண்ணி ரெண்டு கொடம் கொண்டா! ஒருத்தி முக்குல இருக்கிற சர்பத்துக் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கியாங்கடீ, ஓடுங்கடீ!" என்று கத்தினாள். இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து "வாறோம்க்கா!" என்று தெளிவாகப் பதில் வந்தது.

கம்ப்ரசர் நின்றிருந்தது. விசிறி மட்டும் ஓடியது. சுந்தரியின் கை ஸ்விட்சுக்குப் போனது. அணைத்துவிட்டு உடனே போட்டால் பிடித்துக்கொள்ளுமோ? உடனே போட்டால் மோட்டார் எரிந்துபோகும் என்று நாணு எச்சரித்தது ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டாள். சூடு ஆறினால் தானாகப் பிடிக்கும். ஆறவேண்டும். சிவுவின் கால் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் அவன் தலையைத் தாங்கிக்கொண்டு இயந்திரத்தையே பார்த்தாள். வாழ்க்கையில் எந்தச் சாமியின் முகத்தையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அங்கம்மாள் குடத்தோடு வந்தாள். மெலிந்த, இளம் பெண். உப்புத்தண்ணீர், ஆனால் சில்லென்று இருந்தது. மூக்கம்மாள் தன் தோளில் கிடந்த துணியை நனைத்து நனைத்து அவன் வயிற்றிலும் தொடையிலும் போட்டாள். அதற்குள் இன்னொருத்தி மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி மூச்சிரைக்கக் கொண்டுவந்தாள். தரையில் போட்டு உடைத்தார்கள். சுந்தரி துண்டுகளைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்தாள், கழுத்தில் வைத்தாள். அறை முழுக்கத் தண்ணீர், மரத்தூள், பெண்கள்.

"ராசா, கண்ணத் தொற ராசா" என்று மூக்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

உதறல் நின்றது. ஆனால் அது நின்றதுதான் சுந்தரிக்கு அதிக பயத்தைத் தந்தது. உடம்பு துவண்டு கிடந்தது. மார்பில் காதை வைத்தாள். தன் இதயத்தின் சத்தமா அவனுடையதா என்று தெரியவில்லை.

'உர்ர்' என்று கம்ப்ரசர் பிடித்தது.

எல்லோரும் இயந்திரத்தைப் பார்த்தார்கள். இப்போது நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று சுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. உறுமல் சீராகப் போய்க்கொண்டே இருந்தது. நனைந்த உடம்பின்மேல் காற்று பட்டது. மெல்ல மெல்ல அது குளிர்ந்த காற்றானது. அங்கம்மாள் தன் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "எக்கா, சில்லுங்குது" என்று ரகசியம் போலச் சொன்னாள்.

சிவு ஒரு தரம் விக்கினான். பிறகு வாயைக் கோணிக்கொண்டு, கரகரத்த குரலில் அழத் தொடங்கினான். புதியவர்களைப் பார்த்து பயந்த அழுகை. சுந்தரி அவனை மடியில் கிடத்திக்கொண்டு, அவன் அழுகிற அழுகையைக் கேட்டபடி, தானும் சத்தமில்லாமல் அழுதாள்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மூக்கம்மாள் மட்டும் உடம்புச் சூடு தணிகிற வரை இருந்தாள். தரையை ஒரு கோணியால் துடைத்தாள். போகும்போது, "எங்களுக்குத் தெரியாதும்மா" என்றாள். "பச்சப்புள்ள இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அடைச்சிருக்க மாட்டோம்."

"எனக்கும் தெரியாது" என்றாள் சுந்தரி. "அந்தக் காத்து உங்க மேல அடிக்கறதுன்னு நான் நெனச்சே பாக்கலை."

வெயில் சாய்ந்த பிறகு நாணு சிலிண்டரோடு வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கிடங்கு வழியாகப் போய் இயந்திரத்தின் முதுகைப் பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் வாடியிருந்தது. "கேஸ் ஒக்கெ உண்டு சேச்சி. அன்னு ஞான் பொறகில் போயி நோக்கியில்லா. எனிக்கு தெற்றிப்போயி" என்று, பின்பக்கம் போய்ப் பார்க்காத தன் தவறை ஒப்புக்கொண்டான். அவனே ஒரு டாக்சி பிடித்துவந்து, ஜன்னல்களுக்கு ஈரத்துணி கட்டி, அவளையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இரண்டு நாள் வைத்திருந்து, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

கல்யாணராமன் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நேராக ஓடிவந்தான். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின், "தனியா விட்டுட்டா போனே?" என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நினைத்துப் பார்த்தே நடுங்கிய குரல்.

"ஆமாம். என் எடத்துல நீங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேள்?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருவருக்குமே கை சில்லிட்டிருந்தது.

வீடு திரும்பியதும் கல்யாணராமன் நாணுவைக் கூட்டிக்கொண்டு கிடங்கு முற்றத்துக்குப் போனான். இயந்திரம் ஊதுகிற இடத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று சுந்தரி கேட்டுக்கொண்டிருந்தாள். நின்றான். சற்று நேரத்திலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு விலகினான்.

"அதுக்குள்ளயா?" என்றாள் மூக்கம்மாள். "நாள் முழுக்க உக்காந்து பாருங்க சார்."

அந்த வாரத்திலேயே தோப்பும்படிப் பட்டறையில் ஒரு தகரக் கூண்டு அடித்து வந்தது. இயந்திரத்துக்கு மூச்சு முட்டாமல், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று, அனலைக் கூரைக்கு மேலே திருப்பிவிடுகிற மாதிரி நாணு அதைப் பொருத்தினான். முழுவதும் போகவில்லை. காற்றே இல்லாத நாட்களில் கொஞ்சம் கீழேயும் இறங்கியது. கல்யாணராமன் கிடங்கு மானேஜரைப் போய்ப் பார்த்து, முற்றத்தின் எதிர்ச்சுவரில் ஒரு ஓலைப் பந்தல் போட வைத்தான். அதற்கு மூன்று தடவை நடக்கவேண்டியிருந்தது. பெண்கள் பந்தலுக்குக் கீழே மாறி உட்கார்ந்தார்கள்.

சுந்தரியின் பயம் அவ்வளவு சுலபத்தில் இடம் மாறவில்லை. குழம்பு கொதிக்கும்போது ஓடிவந்து ஏ.சி. முன்னால் கையை நீட்டுவாள். வோல்டேஜ் முள்ளைப் பார்ப்பாள். நாளுக்கு ஒரு தடவை சந்து சுற்றிப் போய் இயந்திரத்தின் முதுகைப் பார்த்துத் தூசி தட்டிவிட்டு வருவாள். அங்கம்மாள் சிரிப்பாள்: "நாங்க பாத்துக்கிட மாட்டோமாம்மா?" பார்த்துக்கொள்வார்கள் என்று சுந்தரிக்குத் தெரியும். ஆனாலும் போவாள்.

அந்த வருஷம் மழை தாமதமாகத்தான் வந்தது. ஒரு மதியம் வைப்பின் தீவுப் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்து, மட்டாஞ்சேரிக் கூரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தமிட, கொட்டித் தீர்த்தது. கல்யாணராமன் ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்தான். உறுமல் நின்றதும் சுந்தரிக்குப் பழக்கதோஷத்தில் நெஞ்சு திடுக்கிட்டது. எழுந்து போய்ச் சிவுவின் நெற்றியில் கை வைத்தாள். மழைக்காற்றில் அது குளிர்ந்திருந்தது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்திலேயே தலையைச் சாய்த்து, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, பகலில் தூங்கிப்போனாள்.